பாதிவிலை தேடிய கார்

அலுவலகத்தில் அவருக்குப் பாதிவிலை என்று பெயர். கடைக்காரர் எந்த விலை சொன்னாலும் அவர் வாய் தானாகப் பாதியைச் சொல்லிவிடும். செருப்புக் கடையில் தொடங்கிய பழக்கம், பிறகு மருந்துக் கடை வரை போனது. இதைத் திறமை என்று உலகத்தில் ஒருவர்தான் நம்பினார், அது அவரேதான்.

ஒன்றரை வருடமாக அவர் பழைய கார் ஒன்று தேடிக்கொண்டிருந்தார். தேடச் சொன்னது மனைவி. முழங்காலில் ஆபரேஷன் ஆன பிறகு, வேலைக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வருவது அவள் உயிரை வாங்கியது. பார்த்த கார் ஒவ்வொன்றையும், இவர் பேரம் முடிவதற்குள் வேறு யாராவது ஓட்டிக்கொண்டு போனார்கள். "போனா போகட்டும். பஸ் டிக்கெட் மாதிரி மலிவு எதுல இருக்கு?" என்று மனைவிக்கு ஆறுதல் சொல்வார். அவர் போய்வருவது சக ஊழியரின் ஸ்கூட்டரில், ஓசியில்.

கடைசியாகப் பார்த்தது ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவரின் கார். இருக்கை நல்ல உயரம். மனைவி முழங்காலை மடக்காமல் ஏறி உட்கார்ந்து, காலை நீட்டிப் பார்த்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் முகம் மலர்ந்தது.

"கேட்ட விலை நியாயமாத்தான் இருக்கு. குடுத்துடுங்களேன்," என்றாள் காதோடு.

பாதிவிலை பாதியைக் கேட்டார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "யோசிச்சு சொல்லுங்க," என்று உள்ளே போய்விட்டார்.

வீடு திரும்பும் வழியில் மனைவி சத்தம் போடவில்லை. "இதுவும் கைநழுவிப் போச்சுன்னா, இனிமே உங்களை நான் எதுவும் கேட்க மாட்டேன்," என்றாள். அந்த நிதானம்தான் அவருக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தில்தான் திட்டம் போட்டார்.

முதலில் ஸ்கூட்டரில் ஏற்றிச் செல்லும் சக ஊழியர் டாக்டருக்குப் போன் செய்து, இந்த வண்டிக்கு உதிரி பாகமே கிடைக்காது என்று பயமுறுத்த வேண்டும். அடுத்து மனைவியின் தம்பியான மைத்துனன் போன் செய்து அடிமாட்டு விலைக்குக் கேட்க வேண்டும்.

"அதுக்கு மேல கொஞ்சம் போட்டு நான் போய் நின்னா, என்னைத் தெய்வமா பார்ப்பார்," என்றார் மைத்துனனிடம்.

"சரி அத்தான்," என்றான் அவன். அவன் எதற்கும் சரிதான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். யாரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாத பிறவி.

ஞாயிற்றுக்கிழமை தெய்வம் கிளம்பிப் போனபோது டாக்டர் வீட்டு வாசல் காலியாக இருந்தது.

"நேத்தே குடுத்துட்டேன்," என்றார் டாக்டர். "யாரோ ஒருத்தர் ஸ்பேர் கிடைக்காதுன்னு சொன்னார். தலைவலி விட்டா போதும்னு ஆயிடுச்சு. அடுத்துக் கேட்ட பையனுக்கே தள்ளிட்டேன்."

வாடிய முகத்தோடு வீட்டுக்கு வந்தால், வாசலில் அதே கார். முன் இருக்கையில் மனைவி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மைத்துனன் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றான்.

"நீங்க சொன்ன விலையைத்தான் கேட்டேன் அத்தான். அவர் எடுத்துக்கோன்னுட்டார். வயசானவர், முகத்துல அடிச்ச மாதிரி வேணாம்னு எப்படிச் சொல்றது? எனக்கெதுக்கு கார்? வாங்கின விலைக்கே நீங்க எடுத்துக்குங்க."

பாதிவிலைக்கு, போன உயிர் திரும்பி வந்தது. இந்த விலை அவர் கனவில்கூடக் கண்டிராதது. ஒரே ஒரு 'சரி' சொன்னால் போதும். மனைவி கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார்.

"அதுல பாதி தர்றேன்."

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. மைத்துனன், சுபாவம் மாறாமல், இதற்கும் தலையாட்டப் போனான்.

"நீ சும்மா இருடா," என்றாள் அக்கா. "வண்டி உன்கிட்டயே இருக்கட்டும். நாளையிலேருந்து காலையில வந்து என்னை ஏத்திக்கிட்டுப் போ."

"சரிக்கா," என்றான் அவன்.

"இல்லம்மா, வாய் தவறி..." என்று கதவருகே ஓடினார் பாதிவிலை. அவள் கோபப்படவில்லை. காய்கறி வாங்கி வரவா என்று அவர் கேட்டதற்கும், வேண்டாம், தம்பி வாங்கித் தருவான் என்றாள். மைத்துனன் ஏறி ஓட்ட, கார் தெருமுனை திரும்பியது. சொன்ன சொல் தவறாமல், அன்றிலிருந்து அவள் அவரை எதுவும் கேட்பதில்லை.