உறை பிரிக்காத மிதவைச் சட்டை

காற்று ஏற ஏற அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. விடியலில் தனியாகக் கடலுக்குப் போன புருஷன் இன்னும் கரை சேரவில்லை. கதவைச் சாத்தப் போனவள் கண்ணில், ஆணியில் தொங்கிய அது பட்டது. மீனவர் சங்கத்தில் கொடுத்த மிதவைச் சட்டை, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. படகில் கிடந்தால் மீன் கவிச்சியும் சேறும் பட்டு வீணாகிவிடும் என்று, அந்த மகராசன் அதை வீட்டில் பத்திரமாக மாட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

சட்டையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினாள். அங்கே உட்காரவும் முடியவில்லை. நடந்தாள், நின்றாள், மறுபடி நடந்தாள்.

பொழுது சாயும்போதுதான் படகு வந்தது. தொப்பலாக நனைந்து, நடுங்கியபடி இறங்கியவன் அவள் கையிலிருந்ததைப் பார்த்தான்.

"என்ன, கரையில முங்கிடுவேன்னு எடுத்துட்டு வந்தியா?"

அவள் சிரிக்கவில்லை. உறையைக் கிழித்தாள். படகுக்குள் தேங்கிக் கிடந்த மீன் தண்ணீரில் சட்டையை முக்கினாள். அப்புறம் சேற்றில் போட்டு நன்றாக மிதித்தாள்.

"அடியே, புதுசுடி அது."

"இப்ப பழசாயிடுச்சு. நாளைக்கு இதப் போடாம படகுல கால வச்சுப் பாரு."