சாவு வீட்டுப் பாண்

உலகத்திலேயே துக்கம் காக்கத் தெரிந்த ஒரே குடும்பம் தங்களுடையதுதான் என்று துஷாந்த் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நின்று அறிவித்தான்.

"எங்க வம்சத்துல பொணத்த எடுக்காம ஒருத்தரும் பச்சத்தண்ணி பல்லுல படவுட்டதில்ல. எங்கப்பா செத்தன்னைக்கு நான் எச்சிகூட முழுங்கல."

அன்றைக்கு அவன் வேறொன்றை முழுங்கிவிட்டு வாழையடியில் கிடந்ததைப் பார்த்தவர்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். சாவு வீடு என்பதால் பொறுத்துக்கொண்டார்கள்.

உள்ளே அவனுடைய அண்ணன் ரமேஸ் வெள்ளை வேட்டியில் கிடந்தான். தலைமாட்டில் இருந்த மனைவி கலாராணி ஒப்பாரியின் பாதியில் எழுந்தாள். கண்ணைத் துடைத்தாள். பக்கத்து லயத்துக்காரி கொண்டுவந்து மூடிவைத்திருந்த பேக்கரிப் பாணையும் தேங்காய்ச் சம்பலையும் தட்டில் போட்டுக்கொண்டு, எல்லோரும் பார்க்க வாசற்படியில் உட்கார்ந்து தின்னத் தொடங்கினாள்.

ஒப்பாரி தானாக நின்றது.

அண்ணன் பிணமாகக் கிடக்க அண்ணிக்கு ருசி கேட்கிறது என்றான் துஷாந்த். ஐஸ்கிரீம் வாங்கிவரப் பண்டாரவளைக்கு ஆள் அனுப்பட்டுமா என்றும் கேட்டான். யாரும் சிரிக்கவில்லை.

"பசிக்கல தம்பி. வெறும் வயித்துல மாத்திரை போட்டா எனக்குக் கொமட்டும்."

என்ன மாத்திரை என்று யாரும் கேட்கவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் பதுளை கிளினிக்குக்குத் தனித்தனி பஸ்ஸில் போய்வந்த கதை லயத்துக்கே தெரியும். தெரியாதது மாதிரி நடக்கவும் தெரியும். இத்தனை வருஷத்தில் துஷாந்த் அந்த வீட்டில் ஒரு வாய் தேத்தண்ணி குடித்ததில்லை. கேட்டால் தனக்கு அல்சர் என்பான்.

அவன் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்: "இன்னைக்கு ஒரு நாள் வுட்டா செத்தா போயிருவீங்க? மானத்த வாங்காதீங்க அண்ணி."

"உங்கண்ணனும் ஒரு நாள்னுதான் ஆரம்பிச்சாரு." அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "எச்.ஐ.வி.ன்னு தெரிஞ்சா மானம் போயிருமுன்னு கொழும்புக் கடையில வேலைக்கு நின்னப்ப மாத்திரைய வுட்டாரு. மானம் பத்திரமா இருக்கு. ஆளுதான் இல்ல."

அந்தப் பெயர் அந்த வாசலில் உரக்க விழுந்தது அதுதான் முதல் தடவை. கூரைத் தகரம் ஒன்றும் பறந்துவிடவில்லை.

கலாராணி மாத்திரையை வாயில் போட்டு அண்ணாந்து தண்ணீர் குடித்தாள்.

"எனக்குப் படிக்கிற புள்ள இருக்கு. மலையில பறிக்கக் கொழுந்து இருக்கு. என்னையும் தூக்கலாமுன்னு யாராச்சும் காத்துக்கிட்டு இருந்தா, போயி வேற வேல பாக்கச் சொல்லுங்க."

திரும்பிப் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து அழுதாள். இருந்தவர்களில் அவள் குரல்தான் பெரிதாகக் கேட்டது.

எல்லோரும் காத்திருந்த ரமேஸின் அத்தை மொனராகலையிலிருந்து வந்துசேர மத்தியானம் தாண்டிவிட்டது. பாடைக்குத் தோள் கொடுக்கத் தேடியபோது துஷாந்தைக் காணவில்லை.

விளக்குக்கு எண்ணெய் எடுக்க அடுப்படிக்குப் போன கலாராணி அவனைக் கண்டாள். மூலையில் சுவரைப் பார்த்துக் குந்தியிருந்தான். அவள் மிச்சம் வைத்த பாண். அவள் தின்ற தட்டு. அவன் நிமிரவில்லை, மெல்லுவதை நிறுத்தவும் இல்லை.

வெளியே தப்பு மேளச் சத்தம் ஏறியது. கலாராணி எண்ணெய்ப் போத்தலை எடுத்தாள். போகிற போக்கில் சம்பல் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.