மடியில் ஒட்டிய முடி

'கிரீச்'சென்று ஓர் அலறல். அதோடு வேக்குவம் கிளீனர் நின்றுவிட்டது. கைப்பிடியில் சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது.

பெரியவர் பட்டனை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. ஒயர் இல்லாத, கோல் மாதிரியான மெஷின். சார்ஜ் முழுசாக இருந்தது. அப்படியானால் அடியில் ஏதோ சிக்கியிருக்கிறது.

அவருக்கு நேரமில்லை. நாளைக் காலை மகள் கார் எடுத்துக்கொண்டு வருகிறாள். இந்த வீட்டை விட்டு ஒரேயடியாகக் கிளம்புகிறார். பெட்டி கட்டியாகிவிட்டது. போவதற்கு முன் வீட்டைத் தூசு இல்லாமல் வைத்துவிட்டுப் போகலாம் என்று பார்த்தால், இது இப்படிப் படுத்துகிறது. மருமகளுக்கு மூச்சிழுப்பு. அவளோடு முகம் கொடுத்துப் பேசி ஐந்து மாதமாகிறது. பேச்சைத்தான் நிறுத்தினாரே தவிர, தினமும் தூசு எடுப்பதை நிறுத்தவில்லை.

மெஷின், மகன் வாங்கியது. கல்யாணத்தின்போது அவனிடம் ஒரு மஞ்சள் பூனை இருந்தது, வந்தவளுக்கு ஆஸ்துமா. "எனக்கு ரெண்டு பேரும் வேணும்" என்று சொல்லி இதை வாங்கி வந்தான். பூனையின் பெயர் துரை. சோபாவில் அது கால்மேல் கால் போட்டு உட்காராததுதான் குறை. துரை முன்னால் நடக்கும். அவன் வேக்குவத்தோடு பின்னால் நடப்பான். "ஆபீஸ்லதான்ப்பா நான் மேனேஜர். வீட்ல துரைக்குப் பியூன்" என்பான்.

அவனிடம் ஒரு கெட்ட பழக்கம். செருப்பைத் தேய்த்துத் தேய்த்துத்தான் நடப்பான். "காலைத் தூக்கி நடடா, செருப்பு அழுவுது" என்று பெரியவர் கத்தாத நாளில்லை. ஆனால் மாடிப்படியில் அந்தச் 'சரக், சரக்' கேட்டதும் துரை எங்கிருந்தாலும் வாசலுக்கு ஓடும்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு காய்ச்சல். நான்கே நாள். மகன் போய்விட்டான்.

அதற்கப்புறம் மூன்றாவது மாதம், மருமகள் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் படுத்தாள். பூனை வீட்டில் இருக்கவே கூடாது என்றார் டாக்டர். ஒரு சாயங்காலம் பெரியவர் நடைப்பயிற்சி முடித்து வந்தபோது துரையின் கூடை இருந்த இடம் காலி.

"தெரிஞ்சவங்க வீட்ல விட்டுட்டேன் மாமா."

அவ்வளவுதான் சொன்னாள். அவன் விட்டுப் போன ஒரே உயிர்! அன்றோடு அவர் வாயை மூடிக்கொண்டார். இரண்டு மாதம் முன்பு மகனின் செருப்பும் ஸ்டாண்டிலிருந்து மறைந்தது. அதையும் தூக்கி எறிந்துவிட்டாள் என்று முடிவு கட்டி, அன்றே மகளுக்குப் போன் போட்டார். "பிள்ளைகளுக்கு லீவு விடட்டும்ப்பா, வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றாள் மகள். லீவு விட்டாகிவிட்டது.

பெரியவர் மெஷினைக் கவிழ்த்து பிரஷ் உருளையைக் கழற்றினார். கறுப்பு நீள முடி சுற்றிச் சுற்றி இறுகியிருந்தது. மருமகளுடையது. சின்னக் கத்தரியால் நறுக்கி இழுத்தார்.

கை நின்றது.

கறுப்புக்கு நடுவே குட்டை குட்டையாக மஞ்சள் முடி.

சீருடை தைக்கும் ஆலையில் முப்பது வருடம் சோதனை மேஜையில் நின்றவர் அவர். துணியில் ஒரு முடி ஒட்டியிருந்தாலும் பிடித்துத் திருப்பி அனுப்புவதுதான் வேலை. துரை போன பிறகு முதல் இரண்டு மாதம் சோபா இடுக்கிலிருந்து பழைய முடி வந்தது உண்மை. அதன் பிறகு சுத்தமாக நின்றுவிட்டது. போன முறை உருளையைக் கழுவி மாட்டியதும் அவரேதான். அப்படியானால் இது புதுசு.

மருமகள் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலை செய்கிறாள். துவைக்கப் போட்டிருந்த அவளுடைய கருநீலக் கோட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். காலை உரசிப் போகும் பூனை கோட்டின் கீழ் ஓரத்தில்தான் முடி விடும். இங்கே மடி முழுக்க முடி. ஏதோ ஒரு பூனை இவள் மடியில் உட்கார்ந்து தூங்கியிருக்கிறது.

இரண்டு மாதமாக அவள் ஒரு மணி நேரம் தாமதமாக வருவது நினைவுக்கு வந்தது. வேறொரு வீடு. அங்கே ஒரு பூனை. யாருடைய வீடோ! முப்பது வயதுப் பெண், அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனாலும் உருளையைத் திரும்ப மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஏழு மணிக்கு அவள் வந்தாள். வாசலிலேயே நின்று மூச்சு மருந்துப் பம்பை வாயில் வைத்து இரண்டு தடவை இழுத்தாள். பெரியவர் உருளையை நீட்டினார்.

"என்ன இது?"

ஐந்து மாதத்தில் முதல் கேள்வி. அவள் திகைத்துப் போனாள்.

"முடி மாமா."

"முடின்னு எனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் முடி பொறுக்கித்தான் சோறு தின்னேன். எந்த வீட்டுக்குப் போயிட்டு வர்றே? சொல்லு, நான் தடுக்கப் போறதில்ல. காலைல நானே கிளம்பறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்தப் பூனைக்கு உனக்கு மூச்சு இழுக்காதா? என் பையன் பூனைக்கு மட்டும்தான் இழுக்குமா?"

அவள் சுவரில் சாய்ந்தாள்.

"இதுவும் அவரு பூனைதான் மாமா."

பெரியவர் உருளையைத் தன் பக்கம் திருப்பி, மஞ்சள் முடியைத் தொட்டுப் பார்த்தார்.

"மருந்துக் கடை அக்கா வீட்லதான் விட்டேன். கடைக்கு மேல் மாடி. ரெண்டு மாசம் முன்னாடி பம்பு வாங்கப் போனப்ப, 'உங்க துரை ரெண்டு நாளா பச்சத் தண்ணி குடிக்கல, வாசலையே பார்த்துட்டு கெடக்கு'ன்னாங்க. அன்னையிலேருந்து போறேன்."

"தினமுமா?"

"தினமும்."

"மூச்சு முட்டுமே!"

"முட்டினா என்ன, கீழயே மருந்துக் கடை" என்று சிரிக்கப் பார்த்தாள். இருமல்தான் வந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க எங்க மாமா பேசினீங்க?"

பெரியவர் உருளையை மேஜையில் வைத்தார். அப்போது போன் அடித்தது. மகள்.

"அப்பா, எட்டு மணிக்கெல்லாம் வந்துடுவேன். ரெடியா இருங்க."

"வர வேண்டாம்மா. சாயங்காலம் எனக்கு வேலை இருக்கு."

"உங்களுக்கென்னப்பா வேலை? நாளைக்கு மட்டும்தானே?"

"தினமும்" என்று சொல்லிப் போனை வைத்தார். மருமகள் பக்கம் திரும்பினார். "இனிமே நீ அங்க போகாதே. நான் போறேன். அது என்ன குடுத்தா சாப்பிடும்? அதைச் சொல்லு போதும்."

அவள் கைப்பையைத் திறந்து, ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து மகனின் செருப்பை எடுத்து அவர் காலடியில் வைத்தாள்.

"எது குடுத்தாலும் சாப்பிடும் மாமா. படியேறும்போது மட்டும் இதைப் போட்டுக்கிட்டு, காலைத் தூக்காம நடங்க."