இன்னொரு தரம் கேட்டிருந்தால்

“நீயும் வரியா ஜானு? இன்னிக்கு முதல் ஓட்டம்.”

“நானா? நன்னாயிருக்கு போங்கோ. அடுப்புல இட்லி வேகறது. யாராவது பார்த்தா சிரிப்பா.”

“சரி, அப்ப நான் போயிட்டு வரேன்.”

போன தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. ரகுபதி பொம்மைக் காரைத் துண்டில் சுற்றி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு பெசன்ட் நகர் பீச்சுக்குக் கிளம்பிவிட்டார். ஜானு அடுப்பை அணைத்து, புடவை மாற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தபோது காந்தி நகர்த் தெரு காலியாக இருந்தது.

அவள் பிறந்த வீட்டில் யாரும் முதல் தடவையே சரி என்று சொல்ல மாட்டார்கள். காபி வேணுமா என்றால் வேண்டாம். இன்னொரு தரம் கேட்டால் அரை டம்ளர். ரகுபதி வீட்டிலோ வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த ஒன்றுமட்டும் இருவருக்கும் பிடிபடவே இல்லை.

இப்போது அவரைக் கூடத்தில் தெற்கே தலைவைத்துக் கிடத்தியிருந்தார்கள். நேற்று ஆபீஸிலிருந்து வந்து, மார்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவர். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

“மன்னி, இதை எங்க வைக்கட்டும்?”

அவருடைய தம்பி கோதண்டபாணி. காலையிலிருந்து எஸ்.டி.டி. பூத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தான். இடம் பண்ணுவதற்காக மேஜையை நகர்த்தியபோது அடியில் கார் இருந்திருக்கிறது. சிவப்பும் பச்சையுமாகத் துளை போட்ட பட்டைகள், உடம்பெங்கும் நட்டும் போல்ட்டும்.

கோதண்டத்தின் மகன் கிரீஷின் பிறந்தநாளுக்கென்று ரகுபதி வாங்கிய, பூட்டி விளையாடுகிற செட். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடலாமே என ரகுபதி பெட்டியைப் பிரித்தார். அப்புறம் மூடவே இல்லை. கிரீஷுக்குச் சட்டைத்துணி போயிற்று. பர்மா பஜாரில் ஒரு சீனக் கார் வாங்கி, அதைப் பிரித்து, மோட்டாரையும் ரிமோட்டையும் இதில் ஏற்றினார்கள். அவருக்குத் தடித்த விரல். அது நுழையாத சந்திலெல்லாம் ஜானுதான் நட்டைப் பிடித்துக்கொண்டாள். முன்சக்கரத்தை அவளே பூட்டினாள். திருப்புகிற பட்டையை அச்சுக்கு முன்னால் மாட்டுவதற்குப் பதில் பின்னால் மாட்டிவிட்டாள். ரிமோட்டில் வலது அழுத்தினால் கார் இடதுபக்கம் போயிற்று.

“கழட்டிடட்டுமா?”

“வேண்டாம்டி. நான் பழகிக்கறேன்.”

ஞாயிறுதோறும் பழகிக்கொள்ளப் போனார். ஞாயிறுதோறும் அவள் சீக்கிரமே குளித்துத் தலைவாரிக்கொண்டு, சமையலறையில் சத்தம் போடாமல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். நானும் வரேன் என்று தானாகச் சொல்ல நாக்கு எழவில்லை. ஸ்கூட்டர் கிளம்பும். அவள் தாளித்துக் கொட்டுவாள்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் தயங்கி நின்றார்.

“அம்மா, நான் ஜவஹர். பீச்சுல சாரோட பேசிக்கினு நடப்பேன்.” கோதண்டத்தின் கையிலிருந்த காரைப் பார்த்தார். “இத்த ஒருநாள் என்கிட்ட குடுத்தாரும்மா. நேரா போய் ஐஸ் வண்டில மோதிக்கிச்சு. இன்னா சார், தப்பா மாட்டிக்கீதே, மாத்திடலாமேன்னேன். என் ஒய்ஃப் மாட்டினது, கை வெக்காதேன்னுட்டாரு.”

ஜானு நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்போ அவங்களையும் இட்டுனு வா சார்னேன். கூப்ட்டேன்யா, அவளுக்கு இஷ்டமில்ல, திரும்பத் திரும்பக் கேட்டா தொந்தரவுன்னாரு.”

அவள் கோதண்டத்திடமிருந்து காரை வாங்கி அலமாரியில் வைத்தாள்.

சாஸ்திரிகள் நாழியாச்சு என்றார். தூக்கினார்கள். பெண்கள் வாசலோடு சரி, மயானத்துக்குப் போகிற வழக்கமில்லை. மயானமும் பெசன்ட் நகரில்தான்; அந்தப் பக்கம் பார்த்து நின்ற வேனில் அவரை ஏற்றினார்கள்.

கோதண்டம் ஏறப் போனவன் திரும்பி வந்தான்.

“மன்னி, வெயில்ல நிக்காதீங்கோ. ஏதாவது வேணுமா?”

“ஒண்ணும் வேண்டாம்,” என்றாள் ஜானு.

“சரி.”

அண்ணா சொல்வதைப் போலவே சொன்னான். ஏறி உட்கார்ந்து கதவை இழுத்தான். அது பாதியில் நின்றது. ஜானு பிடித்துக்கொண்டிருந்தாள். தகரம் சுட்டது.

“கொஞ்சம் நகர்ந்துக்கோ, கோதண்டம்,” என்றாள். “நானும் வரேன்.”