விலை துடைத்த பாட்டில்கள்

மேனேஜர் வீட்டில் மாப்பிள்ளை, ஹோட்டலில் சார். ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட அக்காவுக்கு இந்த இரண்டையும் மாற்றிப் போடாமல் பேசுவது பழகிப்போயிருந்தது. தங்கையின் கணவரான அவர் பார்த்துக் கொடுத்த வேலை. அதை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

காலையில் வந்ததும் முதல் வேலை, பஞ்சைப் பெயின்ட் தின்னரில் நனைத்து, சாக்லேட் பால் பாட்டில்களின் கழுத்தில் அச்சடித்திருக்கும் விலையைத் துடைத்தெடுப்பது. விலை தெரிந்தால் மூன்று மடங்காக எப்படி பில் போடுவது? விலைக்குக் கீழேயே ஒட்டினாற்போல் காலாவதி தேதியும் இருந்ததால் அதுவும் சேர்ந்தே போய்விடும். அதற்காக யாரும் அலட்டிக்கொண்டதில்லை. சரக்குதான் வந்த வேகத்தில் தீர்ந்துவிடுகிறதே.

அன்று மதியம், கூட்டம் நெரிகிற நேரத்தில், பால் கம்பெனி வண்டிக்காரர் பின்வாசலில் வந்து நின்றார்.

"தேதி முடிஞ்ச பெட்டி ஒண்ணு திருப்பி எடுக்கணும்னு சொன்னீங்களே, குடுங்கக்கா."

அடியில் கிடந்து தேதி தாண்டிய அந்த ஒரு பெட்டியை ஒதுக்கி வைத்திருந்த மூலையில் பார்த்தாள். பெட்டி இல்லை. காலை அவசரத்தில் அதையும் இழுத்துப் போட்டுத் துடைத்து, புதுசோடு சேர்த்து ஃப்ரிட்ஜில் அடுக்கியது அவளேதான். ஓடிப்போய்த் திறந்தாள். ஃப்ரிட்ஜ் பாதி காலி. மிச்சமிருந்தவை எல்லாம் கழுத்து மொழுமொழுவென்று, எது பழசு, எது புதுசு என்று சொல்ல வழியில்லாமல் நின்றன.

மேனேஜரைத் தேடி ஹாலுக்குப் போனால் அங்கே வேறு பஞ்சாயத்து. ஜன்னலோர மேசையில், சின்ன மகளோடு வந்திருந்த கண்ணாடிக்காரர் ஒருவர் பில்லைப் பிடித்துக்கொண்டு விடாக்கண்டனாக இருந்தார். பேச்சு தீரும்வரை பாட்டிலைத் திறக்கக் கூடாதென்று மகளைத் தடுத்து வைத்திருந்தார். குழந்தை ஏக்கத்தோடு மூடியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பாட்டில்ல விலையே இல்லையே, எங்க போச்சு?"

"ஈரத்துல அழிஞ்சிருக்கும் சார். ஏசி இருக்கு, சர்வீஸ் இருக்கு, கூடத்தான் ஆகும்."

"அதுக்குத் தனியாப் போட்டு வாங்குங்க. அச்சடிச்ச விலைய ஏன் தொடுறீங்க? நான் புகார் குடுக்கப் போறேன்."

சுற்றியிருந்த தலைகள் திரும்பின. மேனேஜர் சட்டென்று குழைந்தார்.

"எதுக்கு சார் அதெல்லாம்? இதுக்குக் காசே வேணாம். பாப்பா, நீ குடிம்மா."

அக்கா அவர் காதருகே குனிந்தாள். "பழைய பெட்டி கலந்துபோச்சு சார். எதுன்னு தெரியல."

அவர் முகம் வெளுத்தது. ஆனால் சிரிப்பை மட்டும் விடவில்லை. "ஒரு பாட்டில்ல ஒண்ணும் ஆயிடாது," என்றார் வாய்க்குள்ளேயே. "பேசாம உள்ள போங்கக்கா. வெளிய தெரிஞ்சா உங்க தங்கச்சியும் சேந்து நடுத்தெருவுல நிப்பா."

மனுஷனா இவன் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயமும் இல்லாமல் இல்லை. நாளைக்கு வேலை இருக்காது. தங்கை முகத்தில் விழிக்க முடியாது. குழந்தை மூடியைத் திருகிவிட்டு பாட்டிலை வாய்க்குக் கொண்டுபோனது.

அக்கா அதைப் பிடுங்கினாள். குழந்தை வீறிட்டு அழுதது.

"குடிக்கக் கூடாது," என்றாள். "இது கெட்டுப்போனதா இருக்கலாம். விலையத் துடைக்கறப்ப தேதியும் போயிடும். துடைச்சது நான்தான்."

"யாரு சொல்லித் துடைச்சீங்க?" என்றார் கண்ணாடிக்காரர்.

அவள் மேனேஜரைப் பார்த்தாள். "மாப்பிள்ளை சொல்லித்தான்."

கண்ணாடிக்காரர் மகளை இழுத்து அணைத்துக்கொண்டு ஹாலைச் சுற்றிப் பார்த்தார்.

"அப்ப இவங்களுக்கெல்லாம் எந்தப் பாட்டில் போச்சு?"

அக்காவும் அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். மேசைக்கு மேசை சாக்லேட் பால். பக்கத்து மேசையில் நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அக்கா ஓடிப்போய்க் கையை நீட்டினாள்.

"குடிக்காதீங்கம்மா, குடுத்திடுங்க."

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். அது காலியாக இருந்தது.