பேசாத பெட்டி

அலுவலகத்தில் எனக்கு 'ஃப்ரிட்ஜ் சார்' என்று பெயர். தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டிகளைக் கண்காணிக்கும் சர்வர் புரோகிராம் என் பொறுப்பு. பெட்டிக்குள் இருக்கும் சென்சார் வெப்பநிலையை அனுப்பும். அது இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இல்லாவிட்டால் நர்ஸின் போனுக்கு அபாய அழைப்பு போக வேண்டும். போகிறதா என்று பார்க்க நான் கண்டுபிடித்த வழி, சாப்பாட்டு அறை ஃப்ரிட்ஜுக்குள் ஒரு சென்சாரை வைத்து, கதவைத் திறந்துபோட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவது. உள்ளே சூடேற இருபது நிமிடம், மறுபடி குளிர ஒரு மணி நேரம். எத்தனை பேருடைய மதியச் சாப்பாடு வீணாகி, எத்தனை பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேனோ தெரியாது.

ஆனாலும் எனக்கு அதில் பெருமைதான். சனிக்கிழமை சென்சாரை முதன்முதலாக மாட்டப்போவது என் அக்கா நர்ஸாக இருக்கும் சுகாதார நிலையத்தில். பதினோரு வருடமாக அவள் ஞாயிற்றுக்கிழமையும் பஸ் பிடித்துப் போய் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு வருகிறாள். இனி போக வேண்டாம், என் புரோகிராம் பார்த்துக்கொள்ளும் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். உள்ளே இருப்பது கைக்குழந்தைகளுக்கான மருந்து. கெட்டுப்போனாலும் பார்த்தால் தெரியாது.

வியாழக்கிழமை, எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் சாப்பாட்டு டப்பாவை எடுக்க வந்தாள். நான் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சென்சாருக்குப் பதிலாக ஒரு மாக் வைத்து டெஸ்ட் எழுதலாமே என்றாள். எனக்குச் சுருக்கென்றது. மாக் என்றால் போலி. நாம் சொல்லிக்கொடுத்த பதிலை அப்படியே ஒப்பிக்கும். போலியிடம் கேட்டால் போலிப் பதில்தானே வரும் என்று எரிந்து விழுந்தேன்.

"நாம சோதிக்கிறது சென்சாரை இல்ல சார். உங்க புரோகிராமை."

அவளோடு என் மேசைக்கு வந்தேன். பத்தே வரி எழுதினாள். போலிச் சென்சார் பன்னிரண்டு டிகிரி என்றது, அழைப்பு போனது. மைனஸ் ஐந்து என்றது, அதற்கும் போனது. கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எங்குமே இல்லாத ஒரு பெட்டி நான் சொன்னபடி சூடாகிறது, உறைகிறது! மிரண்டுதான் போனேன். கீபோர்டைப் பிடுங்கிக்கொண்டு நாற்பது டிகிரி, ஐம்பது டிகிரி என்று விளையாட ஆரம்பித்தேன்.

"சரி சார், பெட்டி பேசவே இல்லன்னா?"

இத்தனை மாதத்தில் எங்கள் சாப்பாட்டு அறை ஃப்ரிட்ஜ் ஒருநாளும் பேசாமல் இருந்ததில்லை. பதில் வராவிட்டால் கடைசியாக வந்த அளவையே வைத்துக்கொள் என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தேன், ரொம்பச் சமத்தாக.

போலியை ஒருமுறை நான்கு டிகிரி சொல்ல வைத்து, அதன்பின் வாய் திறக்காதே என்றோம். டெஸ்ட் தோற்றுச் சிவப்பானது. அழைப்பு போகவில்லை. பதிவில் 'நான்கு டிகிரி, நலம்' என்று இருந்தது. நூறு முறை கேட்க வைத்தோம். நூறு முறையும் நான்கு டிகிரி, நலம். கரண்ட் போனால் பெட்டியோடு சென்சாரும் சேர்ந்து போகும். மருந்து கெட்டுக்கொண்டிருக்கும் அந்த நேரம் பார்த்து என் புரோகிராம் அக்காவுக்கு நலம் சொல்லியிருக்கும். இல்லாத ஒரு பெட்டி, இன்னும் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமையை என் கண்முன் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. அந்தப் பத்து வரியை நான் கோயில் வாசலில் நிற்பவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று முறை பதில் வராவிட்டால் அழை என்று மாலைக்குள் திருத்தினோம். சனிக்கிழமை சென்சாரை மாட்டிவிட்டு, அக்காவின் முன்னாலேயே அதன் ஒயரைப் பிடுங்கினேன். சற்று நேரத்தில் அவள் போன் அலறியது. நடந்ததை எல்லாம் சொன்னேன். பெட்டி பேசாமல் போகும் என்று யாருக்குத்தான் தோன்றும் என்று பூசி மெழுகவும் பார்த்தேன்.

அக்கா பெட்டியின் மேல் கையை வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை வந்தா நான் கதவையே திறக்க மாட்டேன்டா. திறந்தா குளிர் போயிடும். ரூம் வாசல்ல நின்னு, பெட்டி ஓடுற சத்தம் வருதான்னு மட்டும் கேப்பேன். வந்தா அடுத்த பஸ்ஸுல திரும்பிடுவேன்."

பதினோரு வருடம். அங்கே போய் என்ன பார்க்கிறாய் என்று நான் ஒருநாளும் அவளைக் கேட்டதில்லை.