ஆறாம் தகடு

ஆய்வுக்கூட இயக்குநர் பேச எழுந்ததும், மகள் அப்பாவின் ஆய்வு நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். பேசுவதில் இவர் நாலாவது ஆள். வீட்டுக் கூடத்தின் நடுவே படுத்திருந்த அப்பாவுக்கு அவசரம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

"அவர் கை பிசகி நான் பார்த்ததே இல்லை," என்றார் இயக்குநர். "ஈயை எடை போட்டு, அது சாப்பிட்டதா பட்டினியா என்று சொல்வார்."

ஈயை எடை போட்டதாக அப்பாகூடப் பீற்றிக்கொண்டதில்லை. அதற்குள் ஊர் கதை கட்டுகிறது.

முந்தாநாள் காலையில் அவளை மட்டும் கட்டிலருகே கூப்பிட்டார்.

"பாப்பா, ஆறாம் தகட்டுல சீசியம் பத்து பங்குன்னு எழுதியிருக்கேன். போட்டது பதினஞ்சு."

அப்பா செய்துவந்த பெரோவ்ஸ்கைட் என்பது, சீசியம் உப்பு கலந்து கண்ணாடித் தகட்டில் பூசும் கருப்புப் பூச்சு. வெயிலைத் தின்று மின்சாரம் தரும். சூடும் ஈரமும் பட்டால் மஞ்சளாகிச் செத்துப்போகும். ஆறாம் தகடு மட்டும் விளக்கடியில் ஆயிரம் மணி நேரம் வெந்தும் கருப்பு மாறவில்லை. அதே குறிப்பை வைத்து, கரடி என்று எல்லாரும் கூப்பிடும் பக்கத்து மேசைக்காரர் நாலு முறை செய்தார். நாலும் மஞ்சள்.

"எப்படிப்பா தப்பாச்சு?"

"மூக்குக்கண்ணாடி போடாம எடை போட்டேன். போட்டா கரடி கெழவன்னு சொல்லுவான். போன வாரம் சீசியம் டப்பால மீதியைப் பாத்தப்பதான் தெரிஞ்சுது."

"நீங்களே சொல்லியிருக்கலாமே."

"என் கை பிசகாதுன்னு இருபத்தொன்பது வருஷமாப் பீத்திக்கிட்டவன்டி நான். நீ சொல்லிடு. சொல்லலன்னா இனி ஒருத்தராலயும் அதைச் செய்ய முடியாது. ஆனா ஒண்ணு, என் சாவுல எல்லாரும் பேசி முடிச்சப்புறம் சொல்லு."

மதியம் கஞ்சி வேண்டாம் என்றார். சாயங்காலம் போய்ச் சேர்ந்தார்.

"அவருடைய குறிப்பை ஓர் எழுத்து மாற்றாமல் நாளைக்கே எல்லா ஆய்வுக்கூடங்களுக்கும் அனுப்புகிறோம்," என்று இயக்குநர் முடித்தார்.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், வாசலில் வண்டியருகே நின்ற கரடியைப் பிடித்தாள்.

"சித்தப்பா, பத்து இல்ல. பதினஞ்சு."

கரடி நோட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"கண்ணாடி போடலையா?"

"போடல."

"ஒரு மாசமா என் கையில சனியன் பூந்துடுச்சுன்னு நெனச்சுக்கிட்டிருக்கேன். பாவி." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "இயக்குநர்கிட்ட நான் பேசிக்கறேன். நீ இப்பவே திருத்து. சுரண்டாதே. ஒத்தைக் கோடு போடு, பழசும் தெரியணும். பக்கத்துல கையெழுத்து."

எழுத மேசை இல்லை. கரடி திரும்பி நின்று, முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தார். அவள் அவர் முதுகில் நோட்டை விரித்து, பத்தின் மேல் கோடு இழுத்தாள். பதினைந்து எழுதும்போது முதுகு குலுங்கத் தொடங்கியது.

"ஆடாதீங்க சித்தப்பா."

"நீ எழுது."

எண் கோணலாக விழுந்தது. அது சிரிப்புதானா என்று அவள் குனிந்து பார்க்கவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு, மை காயும்வரை நோட்டை அந்த முதுகிலேயே வைத்திருந்தாள்.